வெட்டப்பட்ட காடு மீள்வது எவ்வாறு? சிங்கராஜவனம் புகட்டும் பாடம்

இரத்தினபுரி மாவட்டத்தின் குடாவ கிராமத்தினூடாகச் சிங்கராஜவனத்தினுள் நுழையும் உல்லாசப் பயணிகளுள் பெரும்பாலானோர், மனிதக் கரம் படாத கன்னிக் காடொன்றினுள் தாம் நடந்து செல்வதாகவே எண்ணிக்கொள்கின்றனர். உண்மை அதுவன்று. அவர்கள் நடந்து செல்லும் அகன்ற பாதை, 1970களில் மரக்குற்றிகளை ஏற்றி இறக்குவதற்காக வெட்டப்பட்ட பாதையாகும். அதன் மருங்கில் இன்று ஓங்கி நிற்கும் காட்டின் கணிசமான பகுதி, இயந்திரங்களைக் கொண்டு ஒருமுறை மரம் தறிக்கப்பட்ட காடேயாகும். பல இனப் பறவைகள் ஒன்றுகூடி இரைதேடும் புகழ்பெற்ற கலப்புப் பறவைக் கூட்டங்களை 1980களின் ஆரம்பம் முதல் ஆய்வாளர்கள் பதிவு செய்து வந்திருப்பதும் இப்பாதையை அண்டியே என்பது குறிப்பிடத்தக்கது.

இச்செய்தி எமக்கு நம்பிக்கையையும் எச்சரிக்கையையும் ஒருங்கே தருகின்றது. மரம் தறிக்கப்பட்ட காடு, அழிந்துபோன காடு அல்ல என்பது நம்பிக்கை. அது தானாகவே முழுமையாக மீண்டுவிடும் எனக் கருதி வாளாவிருத்தலாகாது என்பது எச்சரிக்கை. காட்டின் எப்பகுதி எவ்வளவு காலத்தில் மீள்கின்றது, எது மீளாமல் நின்றுவிடுகின்றது, அக்காட்டில் ஊற்றெடுக்கும் ஓடைகளுக்கு என்ன நேர்கின்றது என்பன வெறும் தாவரவியல் வினாக்கள் அல்ல. நாடெங்கும் "பற்றைக்காடு" என்ற பெயரில் புறக்கணிக்கப்படும் நிலங்களின் எதிர்காலம் இவ்வினாக்களுக்கான விடையிலேயே தங்கியுள்ளது.

ஒட்டுப்பலகைக்காகத் தறிக்கப்பட்ட காடு

இரத்தினபுரி, காலி, மாத்தறை ஆகிய மூன்று மாவட்டங்களின் எல்லைகள் சந்திக்கும் மலைத்தொடர்களில் சிங்கராஜவனம் பரந்துள்ளது. ஆண்டொன்றுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை மழை பெறும் இவ்வனம், 1875ஆம் ஆண்டிலேயே ஒதுக்கக் காடாக அறிவிக்கப்பட்டது. இங்குள்ள மரவினங்களுள் 60 சதவீதத்துக்கும் அதிகமானவை இலங்கைக்கு மட்டுமே உரியவை. இதன் வடபுறத்து ஓடைகள் களுகங்கையிலும் தென்புறத்து ஓடைகள் ஜின் கங்கையிலும் கலக்கின்றன. இரத்தினபுரி நகரையும் களுத்துறைக் கரையோரத்தையும் ஒரு கங்கை தொட்டுச் செல்ல, மற்றையது ஜின்தோட்டையில் கடலை அடைகின்றது. ஆதலால் இக்காட்டில் நடப்பது, தாழ்நிலத்தில் வாழும் சகல சமூகத்தினரதும் கிணற்றையும் வயலையும் வீட்டு முற்றத்தையும் தொடும் விடயமாகும்.

கொஸ்கமவில் அமைக்கப்பட்ட ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் தேவைப்பட்டபோது, அரசின் பார்வை இக்காட்டின் மீது விழுந்தது. 1971ஆம் ஆண்டு தொடக்கம் 1977ஆம் ஆண்டு வரை வனத்தின் மேற்குப் பகுதியில் பெருமரங்கள் தெரிவுசெய்து தறிக்கப்பட்டன. இயற்கை ஆர்வலரும் விஞ்ஞானிகளும் பத்திரிகைகளும் எழுப்பிய எதிர்ப்பின் விளைவாக 1977இல் இந்நடவடிக்கை நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே வனம் உயிர்க்கோள ஒதுக்கிடமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மரம் தறிக்கப்பட்ட பகுதியும் அம்மரபுரிமையின் ஓர் அங்கமாகவே ஏற்கப்பட்டது. தறித்து முடிந்த பத்தே ஆண்டுகளில் அதனைப் பயனற்ற நிலமெனக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தால், இன்று அங்கே தேயிலையோ பைனஸோதான் நின்றிருக்கும்.

காத்திருக்கும் கன்றுகள்

இவ்வனம் மீண்டதன் இரகசியம், வெட்டப்பட்ட மரங்களில் அன்றி, வெட்டாமல் விடப்பட்டவற்றில் உள்ளது. சிங்கராஜவனத்தின் விதானத்தை ஆக்கும் பெருமரங்களுள் 'ஹொர' போன்றவை அடங்கிய குடும்பம் முதன்மையானது. இம்மரங்களின் விதைகள் மண்ணில் உறங்கிக் கிடப்பதில்லை. விழுந்த சில நாட்களிலோ வாரங்களிலோ முளைத்துவிட வேண்டும், இல்லையேல் பட்டுப்போக வேண்டும். அவை தாய்மரத்தை விட்டு வெகுதூரம் செல்வதுமில்லை. எனவே மண்ணில் விதைச் சேமிப்பு என ஒன்று இவற்றுக்கு இல்லை. அதற்குப் பதிலாக, முளைத்த கன்றுகள் தாய்மரத்தின் நிழலில் முழங்கால் உயரத்துக்கும் குறைவாக, ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்ந்து காத்திருக்கின்றன. அருகே ஒரு மரம் சாய்ந்து வெளிச்சம் விழும்போது அவை விரைந்து எழுகின்றன.

1970களின் தறிப்பின்போது எங்கெல்லாம் நிலம் கிளறப்படாமல், கன்றுகள் நசுக்கப்படாமல், தாய்மரங்களுள் சிலவேனும் எஞ்சியிருந்தனவோ, அங்கெல்லாம் காடு தன்னைத்தானே மீட்டுக்கொண்டது. வெளியான இடங்களில் வட்டக்கண்ணி போன்ற விரைந்து வளரும் மென்மரங்கள் முதலில் எழுந்தன. இவற்றின் விதைகள் மட்டுமே மண்ணில் ஒளிந்திருந்தும் பறவைகளினால் காவப்பட்டும் வந்து சேரக்கூடியவை. அவை தந்த நிழலின் கீழ் பெருமரக் கன்றுகள் மேலெழுந்தன. தூரத்திலிருந்து நோக்குவோருக்கு அக்காலத்தில் இது ஒழுங்கற்ற பற்றையாகவே தோன்றியிருக்கும். உண்மையில் அது, நோயிலிருந்து தேறும் உடலின் நிலையை ஒத்தது.

ஆயின் இழுவைப் பாதைகளிலும் குற்றிகளை அடுக்கிவைத்த வெளிகளிலும் கதை வேறு. கனரக இயந்திரங்களின் பாரத்தினால் மண் இறுகி, நீர் உட்புக முடியாத தரையாயிற்று. மேல்மண்ணுடன் கன்றுகளும் விதைகளும் அடித்துச் செல்லப்பட்டன. இத்தகைய இடங்களிலும், அடிக்கடி தீக்கிரையாகும் காட்டோரங்களிலும், சிங்களத்தில் 'கெகில்ல' எனப்படும் பன்னம் அடர்ந்த பாய்போற் படர்ந்துவிடுகின்றது. வந்து விழும் விதை அதன் மேலேயே தங்கி உலர்ந்துபோகும். தப்பித்தவறி முளைப்பதும் வெளிச்சமின்றி மடியும். சிங்கராஜவனத்தின் அயலில் இப்பன்னத்தை வேருடன் அகற்றிப் பார்த்த ஆய்வாளர்கள், மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து எழுந்ததைக் கண்டு 1995இல் எழுதினர். தடை நீங்கினால் காடு வரும். ஆனால் தடை தானாக நீங்குவதில்லை.

எனவே ஒரே வனத்தில், ஒரே ஆண்டில் நிறுத்தப்பட்ட தறிப்பின் பின்னர், சில நூறு அடி இடைவெளியில் இரண்டு வேறுபட்ட எதிர்காலங்கள் உருவாயின. எத்தனை மரங்கள் வெட்டப்பட்டன என்பதை விட, மண்ணுக்கு என்ன செய்யப்பட்டது என்பதே அவற்றைத் தீர்மானித்தது.

ஓடைகள் கூறும் சாட்சியம்

காட்டின் நிலையை மரத்தை விட ஓடை விரைவாகக் காட்டிக்கொடுக்கும். ஆயினும் ஓடைக்கு நேர்வதைத் திட்டவட்டமாக அறிவதற்கு, ஒத்த இயல்புடைய நீரேந்து பிரதேசங்களைத் தெரிவுசெய்து, ஒன்றை வெட்டியும் மற்றதை வெட்டாமலும் விட்டு, பல ஆண்டுகள் அளந்து ஒப்பிடுதல் வேண்டும். அவ்வாறு நடத்தப்பட்ட ஆய்வுகளுள் புகழ்பெற்ற இரண்டு அமெரிக்காவைச் சேர்ந்தவை. அங்குள்ள காலநிலையும் மரங்களும் வேறாயினும், மழையும் வேரும் மண்ணும் தொழிற்படும் விதிகள் எங்கும் ஒன்றே. ஆதலால் அவற்றை இங்கு நோக்குதல் பொருத்தமாகும்.

நியூ ஹம்சயர் மாநிலத்தின் ஹபார்ட் புரூக் ஆய்வுக் காட்டில், 15.6 ஹெக்டேயர் பரப்புடைய ஒரு நீரேந்து பிரதேசத்தின் மரங்கள் அனைத்தும் 1965ஆம் ஆண்டின் இறுதியில் வெட்டி வீழ்த்தப்பட்டன. மரங்கள் அப்புறப்படுத்தப்படவில்லை. பாதைகளும் அமைக்கப்படவில்லை. தொடர்ந்து மூன்று கோடைகாலங்களில் களைகொல்லி தெளித்து மீள்வளர்ச்சியும் தடுக்கப்பட்டது. விளைவு, காட்டை வெட்டினால் ஆறு வற்றிவிடும் என்ற பொதுவான எண்ணத்துக்கு முரணாக இருந்தது. முதலாம் ஆண்டில் ஓடையின் நீர் 39 சதவீதத்தினாலும் இரண்டாம் ஆண்டில் 28 சதவீதத்தினாலும் அதிகரித்தது. மரங்கள் உறிஞ்சி ஆவியாக்கிய நீர் முழுவதும் ஓடைக்குப் போயிற்று என்பதே இதற்குக் காரணம்.

ஆனால் அந்நீர் வெறுங்கையுடன் போகவில்லை. உறிஞ்சுவதற்கு வேர்கள் இல்லாமையால், மண்ணிலிருந்த போசணைப் பொருட்களையும் அது கரைத்துக்கொண்டு சென்றது. நைத்திரேற்றின் செறிவு பன்மடங்கு உயர்ந்து, குடிநீருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லையையும் தாண்டியது. கல்சியமும் பொற்றாசியமும் பெருமளவில் இழக்கப்பட்டன. தெளிந்த ஓடையில் பாசி படர்ந்தது. 1969இல் களைகொல்லி நிறுத்தப்பட்டு, மண்ணில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்த காட்டுச் செரி விதைகள் முளைத்துச் செடிகள் அடர்ந்து எழுந்ததும், சில ஆண்டுகளிலேயே நைத்திரேற்று இழப்பு பழைய அளவுக்குத் தணிந்தது. நீரின் அளவும் படிப்படியாகக் குறைந்தது. பற்றை என நாம் இகழும் அந்த முதல் வளர்ச்சியே மண்ணின் செல்வம் ஒழுகிச் செல்லாது அணைகட்டியது. எனினும் போய்விட்ட கல்சியம் அவ்வாறு விரைந்து திரும்பக்கூடியதன்று. பாறை சிதைந்து அதனை மீண்டும் ஈடுசெய்ய மிக நீண்ட காலம் செல்லும்.

இரண்டாவது ஆய்வு, ஒரிகன் மாநிலத்தின் கரையோர மலைகளிலுள்ள அல்சி நீரேந்து பிரதேசத்தில், 1959 முதல் 1973 வரை மூன்று சிற்றோடைகளை அளந்தது. ஓர் ஓடையைச் சூழ்ந்த காடு தொடப்படாது விடப்பட்டது. இரண்டாவதில் காடு துண்டு துண்டாக வெட்டப்பட்டாலும், ஓடைக்கரையோரமாக மரவரிசை விட்டுவைக்கப்பட்டது. மூன்றாவதில் 1966இல் கரை வரைக்கும் யாவும் வெட்டப்பட்டன. அம்மூன்றாவது ஓடையில் ஆண்டின் உச்ச நீர் வெப்பநிலை சுமார் 14 பாகை செல்சியசிலிருந்து 29 பாகை வரை உயர்ந்தது. கரைமரங்கள் காக்கப்பட்ட ஓடையிலோ அத்தகைய மாற்றம் ஏற்படவில்லை. கரையில் புதிய மரங்கள் வளர்ந்து நிழல் திரும்பியதும் வெப்பம் தணிந்தது. ஆனால் அவ்வோடையில் வாழ்ந்த ட்ரவுட் மீன்களின் எண்ணிக்கை, ஆய்வு முடிவுற்ற 1973 வரையில் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 1971இல் ஒரிகன் மாநிலம் இயற்றிய வன நடைமுறைச் சட்டத்துக்கு இத்தகைய முடிவுகள் உறுதுணையாக அமைந்தன.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்து நோக்கின், ஓடையின் மீட்சிக்குப் பல கடிகாரங்கள் உள்ளன என்பது புலனாகும். நீரில் கரைந்து செல்லும் போசணைகள் ஒரு சில ஆண்டுகளில் கட்டுக்குள் வருகின்றன. நிழலும் குளிர்ச்சியும் திரும்ப அதைவிடச் சற்று அதிக காலம் தேவை. வண்டல், பாதைகள் சீர்செய்யப்படாதவரை ஒவ்வொரு மழைக்கும் வந்துகொண்டே இருக்கும். மரம் தறிக்கப்பட்ட மலைகளில் ஓடைக்கு வரும் சேற்றின் பெரும்பகுதி வெட்டிய அடிக்கட்டைகளிலிருந்து அன்றி, பாதைகளிலிருந்தும் இழுவைத் தடங்களிலிருந்துமே வருகின்றது. யாவற்றிலும் மெதுவானது, ஓடையில் வீழ்ந்து கிடக்கும் பெருங்குற்றிகளின் மீள்வருகையாகும். அக்குற்றிகளே மடுக்களை உருவாக்கி, மணலைத் தடுத்து, மீன்களுக்கு மறைவிடம் அளிப்பவை. அவை மீண்டும் கிடைப்பதற்கு, கரையில் மரமொன்று வளர்ந்து முதிர்ந்து தானாகச் சாய வேண்டும். அதற்கு ஒரு மனித ஆயுளும் போதாது.

எமது ஈரவலய ஓடைகளில் மட்டுமே வாழும் 'லே தித்தெயா' என்ற செந்நிறச் சிறுமீன், நிழல் செறிந்த ஆழமற்ற ஓடைகளையே தன் வாழிடமாகக் கொண்டது. ஓடைக்கரை மரத்தைத் தறிப்பவர், தாம் காணாத ஓருயிரின் கூரையையும் சேர்த்தே அகற்றுகின்றார்.

பகையே செவிலியான கதை

தானாக மீளாத நிலத்தை என்ன செய்வது? இவ்வினாவுக்கும் சிங்கராஜவனத்தின் அயலிலேயே ஒரு விடை கிடைத்திருக்கின்றது. வெட்டவெளியாகிய மலைச்சரிவுகளை மூடுவதற்கென 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் கரிபியன் பைனஸ் மரங்கள் நாட்டின் பல பாகங்களில் நடப்பட்டன. சிங்கராஜவனத்தின் எல்லையோரமும் அவற்றுள் ஒன்று. கீழே எதுவும் வளராது, உதிரும் இலைகள் எளிதில் தீப்பற்றும், ஊற்றுகள் வற்றும் என்பன பைனஸ் பற்றி மலையக மக்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் முறைப்பாடுகளாகும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்களான நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க தம்பதியரும், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் அஷ்டனும் வேறு விதமாகச் சிந்தித்தனர். பைனஸ் மரங்களை ஒரேயடியாக அழிக்காமல், அவற்றின் நிழலையே சுதேச மரக்கன்றுகளுக்குச் செவிலியாகப் பயன்படுத்த முடியுமா என 1991இல் பரிசோதனை ஒன்றைத் தொடங்கினர். பைனஸ் வரிசைகள் சில அகற்றப்பட்டு, அவ்விடைவெளிகளில் ஹொர, நாகமரம் உள்ளிட்ட காட்டு மரங்களின் கன்றுகள் நடப்பட்டன. முழு நிழலின் கீழ் நடப்பட்டவை தேங்கி நின்றன. மூன்று வரிசைகள் அகற்றப்பட்ட இடைவெளிகளில் நடப்பட்டவை செழித்து வளர்ந்தன. 1997இல் வெளியான இம்முடிவு, பைனஸ் தோட்டங்களைப் படிப்படியாகக் காடாக்கும் வழியை உலகுக்குக் காட்டியது. செயற்கையாக நாட்டிய தோட்டமும் முறையாகக் கையாளப்பட்டால் காட்டுக்கு வழிவிடும் என்பதே இதன் சாரம். ஆயினும் கன்றுகளுக்குரிய விதைகளைத் தந்தது அயலில் எஞ்சியிருந்த இயற்கைக் காடே என்பதை நாம் மறந்துவிடலாகாது. தாய்க்காடு இல்லையேல் செவிலியினால் பயனில்லை.

எமது கடமை

இப்பாடங்கள் ஈரவலயத்துக்கு மட்டும் உரியவை அல்ல. பாலை, முதிரை, கருங்காலி முதலியன நிற்கும் வன்னிக் காடுகளிலும் போர்க்காலத்தில் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமாக எண்ணற்ற மரங்கள் தறிக்கப்பட்டன. உலர்வலய மரங்களுள் பல அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் கொண்டவை என்பது ஆறுதலான செய்தியாகும். ஆனால் ஆண்டுதோறும் தீ மூட்டப்பட்டு, துளிர்கள் கால்நடைகளினால் மேயப்படும் இடத்தில் அவ்வாற்றலும் தீர்ந்துபோகும். கனகராயன் ஆறு போன்றவற்றின் மேற்பகுதிகளில் மண் கழுவப்பட்டால், அது சென்று படிவது குளங்களிலேயே. குளம் தூர்ந்தால் முதலில் பாதிக்கப்படுபவர் விவசாயியே.

இவ்விடத்தில் நாட்டின் கொள்கை பற்றியும் கூறியாக வேண்டும். வர்த்தமானியில் ஒதுக்கக் காடாக அறிவிக்கப்படாத ஏனைய அரச காடுகளைப் பாதுகாத்த 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை, 2020 நவம்பரில் நீக்கப்பட்டது. அக்காணிகள் பற்றிய அதிகாரத்தை மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் கையளிக்க எடுக்கப்பட்ட அத்தீர்மானம் பலத்த சர்ச்சையைத் தோற்றுவித்தது. காணியற்ற குடும்பங்களின் தேவை உண்மையானது. மீள்குடியேறிய மக்களின் பயிர்ச்செய்கை நிலம் பற்றிய கோரிக்கையும் நியாயமானது. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் இளங்காட்டையும் தரிசு நிலத்தையும் ஒரே "பற்றைக்காடு" என்ற சொல்லினுள் அடக்கி, இரண்டையும் பயனற்றவை எனக் கருதித் தீர்மானம் எடுப்பது அறிவியலுக்கும் ஒவ்வாது, அம்மக்களின் எதிர்கால நீர்த்தேவைக்கும் ஒவ்வாது. எந்நிலம் தேறிவரும் காடு, எந்நிலம் தானாகத் தேற முடியாதது என்பதை நேரிற் சென்று ஆராய்ந்து பிரித்தறிந்த பின்னரே நிலம் பகிரப்படுதல் வேண்டும்.

அவ்வாறு பிரித்தறிவதற்குப் பெரும் கருவிகள் தேவையில்லை. நிழலின் கீழ் பெருமரக் கன்றுகள் நிற்கின்றனவா, விதை தரக்கூடிய தாய்மரங்கள் அண்மையில் உள்ளனவா, மண் இறுகாமல் நீரை உள்வாங்குகின்றதா, ஓடைக்கரையில் மரங்கள் எஞ்சியுள்ளனவா என்ற நான்கு வினாக்களே போதுமானவை. நான்குக்கும் ஆம் என விடை கிடைக்கும் நிலத்தில் நாம் செய்ய வேண்டியது, தீயையும் கோடரியையும் தடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பதே. இல்லை என விடை கிடைக்கும் நிலத்திலேயே எமது உழைப்பும் பணமும் செலவிடப்பட வேண்டும். அங்கும் முதலில் கவனிக்கப்பட வேண்டியது கன்று அல்ல. கைவிடப்பட்ட பாதையில் பாயும் வெள்ளத்தைத் திருப்பி, இறுகிய மண்ணை இளக்கி, கரையோரத்தை மூடுதலே முதல் வேலையாகும்.

எமது நாட்டில் மரநடுகை விழாக்களுக்குப் பஞ்சமில்லை. அதிதிகள் வருகின்றனர், கன்றுகள் நடப்படுகின்றன, படங்கள் பத்திரிகைகளில் வெளியாகின்றன. அடுத்த வரட்சியின் பின்னர் அக்கன்றுகளைத் தேடிச் செல்வோர் அரிது. சிங்கராஜவனத்தின் மேற்குப் பகுதியை மீட்டது அத்தகைய விழா எதுவுமன்று. 1977இல் உரிய தருணத்தில் நிறுத்தப்பட்ட தறிப்பும், அதன் பின்னர் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் காக்கப்பட்ட பொறுமையுமே அதனை மீட்டன. அதே வனத்தின் பழைய இழுவைத் தடங்கள், அப்பொறுமை மட்டுமே போதாத இடங்களும் உண்டு என்பதை நினைவூட்டுகின்றன.

2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களை வெள்ளமும் மண்சரிவும் தாக்கியபோது நூற்றுக்கணக்கான உயிர்கள் பலியாயின. அத்தகைய பெருமழையைக் காடு மட்டும் தனித்து நின்று தடுத்துவிடும் என நாம் கூறவில்லை. ஆயினும் மண்ணை இறுகப் பற்றும் வேரும், நீரை உள்வாங்கும் தரையும், கரையைக் காக்கும் மரமும் இல்லாத மலையடிவாரத்தில் வாழ்வோருக்கு ஆபத்து அதிகம் என்பதில் ஐயமில்லை. வெட்டப்பட்ட காடு மீண்டு வருவதற்கு எம்மிடம் கேட்பது அதிகமன்று. மண்ணைக் கெடுக்காதீர்கள், ஓடைக்கரையைத் தொடாதீர்கள், தாய்மரங்களை விட்டுவையுங்கள் என்பதே அதன் வேண்டுகோள். அவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்ப்பதா, அடுத்த பெருமழையின் பின்னர் மீண்டும் அனுதாபச் செய்தி விடுப்பதா என்பதை அதிகாரத்தில் உள்ளவர்களும் மக்களாகிய நாமும் இப்போதே தீர்மானித்தாக வேண்டும்.